பத்திரம் இருக்கு, பத்திரமா இருக்கா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னிக்குக் கிராமத்துல நிலம் வாங்கறதைப் பத்திப் பேசப் போறோம். குறிப்பா, திருத்தணி பக்கம்.

போனை எடுத்தா ரெண்டு விதமான வீடியோ நமக்கு மாறி மாறி வருது. ஒண்ணு இந்தோனேஷியா. பாலி தீவுல ஒரு கிராமம், படிப்படியா நெல் வயல், நடுவுல மூங்கில் வீடு, திண்ணையில லேப்டாப். இன்னொண்ணு நம்ம சென்னை-திருப்பதி நெடுஞ்சாலை. ட்ரோன் மேல போகும், தூரத்துல மலை, மலைமேல கோபுரம், கீழே கல் நட்டு வெள்ளையடிச்ச மனைகள். "முருகன் அருளோடு உங்கள் சொந்த மனை" அப்படின்னு ஒரு குரல். விலை வேற, தூரம் வேற. ஆனா விக்கறது ஒரே கனவுதான்: அமைதியான ஊர்ல சொந்தமா ஒரு இடம், நாம அங்க இல்லாத நாள்ல சுற்றுலா வர்றவங்க தங்கி அதுக்கு வாடகை தருவாங்க.

பாலி கனவை முதல்ல முடிச்சுடுவோம். 1960-ல வந்த இந்தோனேஷிய நிலச் சட்டப்படி, முழு உரிமை அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டவருக்குக் குத்தகையோ, குறிப்பிட்ட காலத்துக்கான பயன்பாட்டு உரிமையோ கிடைக்கும். அதனால சிலர் உள்ளூர்க்காரர் ஒருத்தர் பேர்ல வாங்கிப் போடறாங்க. நம்ம ஊர்ல அதுக்குப் பேரு பினாமி. அந்த உள்ளூர்க்காரர் மனசு மாறினா, காசு போட்டவர் கையில சட்டம் ஏத்துக்கற எதுவும் இருக்காது.

ஆனா பாலியிலேருந்து ஒரு விஷயம் நமக்கு உதவும். அந்த வயல்களுக்குத் தண்ணி பங்கிடறது 'சுபக்'னு சொல்ற விவசாயிகள் அமைப்பு. மேல் வயல் தண்ணி கீழ் வயலுக்கு எப்போ, எவ்வளவு போகணும்னு ஊரே சேர்ந்து முடிவு பண்ணும். 2012-ல யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. நடுவுல ஒரு வயலை வாங்கி வில்லா கட்டினா, வாங்கினவருக்கு அது ஒரு மனை. ஊருக்கு அது அறுந்துபோன ஒரு வாய்க்கால். இதை மனசுல வெச்சுக்கிட்டுத் திருத்தணிக்கு வாங்க. நம்ம ஏரிக்கும் வாய்க்காலுக்கும் இதே கதைதான்.

விளம்பரத்துல வர்ற திருத்தணி

சென்னையிலேருந்து சுமார் 85 கிலோமீட்டர். அரக்கோணம் தாண்டி புறநகர் ரயில் போகுது. அறுபடை வீட்டுல அஞ்சாவது. சூரனோட சண்டை போட்ட கோபம் முருகனுக்குத் தணிஞ்ச இடம், அதனால தணிகைன்னு சொல்வாங்க. மலை ஏற 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. டிசம்பர் 31-ம் தேதி படித் திருவிழாவுல ஒவ்வொரு படிக்கும் பூஜை பண்ணி, திருப்புகழ் பாடிக்கிட்டே ஏறுவாங்க. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி, சரவணப் பொய்கையில தெப்பம். குடியரசுத் தலைவரா இருந்த ராதாகிருஷ்ணன் பிறந்ததும் இந்த ஊர்தான்.

இதெல்லாம் உண்மை. ஆனா விளம்பரத்துல 'திருத்தணி'ங்கற பேரு ரொம்ப நீளமா நீளும். கனகம்மாசத்திரமும் திருத்தணி, திருவாலங்காடும் திருத்தணி, ஆர்.கே.பேட்டையும் பள்ளிப்பட்டும் திருத்தணி. சில சமயம் எல்லை தாண்டி நகரி பக்கமும் திருத்தணி ஆயிடும். நகரி ஆந்திரா. அங்க வாங்கினா பத்திரப் பதிவு ஆந்திராவுல, வருவாய்ப் பதிவேடு தெலுங்குல, மனை அங்கீகார விதிகளும் அந்த மாநிலத்தோடது. தப்பு ஒண்ணுமில்ல, ஆனா தெரிஞ்சு வாங்கணும். அதனால விக்கறவங்ககிட்ட முதல் கேள்வி, "திருத்தணியிலேருந்து எத்தனை நிமிஷம்?" இல்ல. "எந்த வருவாய் கிராமம், சர்வே நம்பர் என்ன?" அதுதான். இதுக்குப் பதில் உடனே வரலைன்னா, டோக்கன் அட்வான்ஸ் பேச்சையே எடுக்காதீங்க.

இந்த மண்ணுக்கு எத்தனை முதலாளி

திருத்தணி பக்கம் ஆவணம் பாக்கறதுக்குக் கொஞ்சம் வரலாறு தெரிஞ்சிருக்கணும். இந்தப் பகுதி ஒரு காலத்துல கார்வேட்டிநகரம் ஜமீன்ல இருந்தது. சித்தூர் மாவட்டத்தோட சேர்ந்த ஊர். 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திரா தனி மாநிலம் ஆனப்ப, திருத்தணியும் அதோட போச்சு. ம.பொ.சி. தலைமையில வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. படாஸ்கர் ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல பேசி ஒரு பரிந்துரை கொடுத்தார். 1959-ல நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் போட்டது. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்கள் சில ஆந்திராவுக்குப் போச்சு. அப்புறம் செங்கல்பட்டு மாவட்டம், 1997-லேருந்து திருவள்ளூர் மாவட்டம்.

இதை ஏன் சொல்றேன்னா, ஒரே நிலத்தோட பேப்பர் இத்தனை அலுவலகம் கடந்து வந்திருக்கு. ஜமீன் காலத்து அனுபவம், ஜமீன் ஒழிப்புக்கு அப்புறம் வந்த பட்டா, ஆந்திர ஆட்சியில எழுதின பத்திரம், தமிழ்நாட்டுல மாத்தின சர்வே நம்பர். தாத்தா காலத்து மூலப் பத்திரம் தெலுங்குல இருக்கலாம். இங்க நிறைய வீட்டுல பேச்சு தெலுங்கு, கடைத்தெருவுல தமிழ். நில அளவு பேசறப்பவும் சென்னைக்காரர் 'கிரவுண்டு' அப்பார், ஊர்க்காரர் 'சென்ட்' அப்பார். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் அஞ்சரை சென்ட். இந்தக் கணக்கு தெரியாம விலை பேசினா, பேசற ரெண்டு பேரும் ரெண்டு நிலத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருப்பீங்க.

எந்தப் பேப்பர் எதைச் சொல்லும்

நம்ம ஆளுங்க எல்லாரும் நினைக்கறது: "ரெஜிஸ்டர் ஆயிடுச்சு, அப்ப நிலம் நம்மளோடது." 1908 பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் பதிவு பண்றது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்த பரிவர்த்தனையை. வித்தவருக்கு அந்த நிலம் நிஜமா சொந்தமாங்கறதுக்கு அரசு அதுல உத்தரவாதம் கொடுக்கலை. வித்தவருக்கு என்ன உரிமை இருந்ததோ, அதுதான் உங்களுக்கு வரும். அவருக்கு இல்லைன்னா உங்களுக்கும் இல்ல.

அப்ப பட்டா? அது வருவாய்த் துறைப் பதிவு. யார் பேர்ல வரி, யார் பேர்ல கணக்கு. பலமான சான்றுதான், ஆனா பட்டா மட்டுமே உரிமை ஆகாதுன்னு நீதிமன்றங்கள் பல தடவை சொல்லியிருக்கு. வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி., பதிவான விஷயத்தை மட்டும்தான் காட்டும். பதிவாகாத குடும்பப் பங்கு, வாய்மொழிக் குத்தகை, நடக்கற வழக்கு, பத்திரத்தை அடகு வெச்சு வாங்கின தனியார் கடன் இதெல்லாம் அதுல தெரியாது. புலப்படம், நம்ம எஃப்.எம்.பி., நிலத்தோட வடிவத்தையும் அளவையும் சொல்லும். அ-பதிவேடு அந்த சர்வே நம்பர் ரயத்துவாரியா, புறம்போக்கா, கோயில் நிலமான்னு சொல்லும். அடங்கல் அந்த நிலத்துல என்ன பயிர், யார் அனுபவம்னு சொல்லும்.

பாருங்க, ஒவ்வொரு பேப்பரும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லுது. அஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கறப்பதான் முரண்பாடு கண்ணுல படும். பத்திரத்துல 20 சென்ட், புலப்படத்துல 17 சென்ட். பட்டா ஒருத்தர் பேர்ல, அடங்கல்ல அனுபவம் இன்னொருத்தர் பேர்ல. அந்த இடத்துல நின்னு கேள்வி கேக்கணும்.

கோயில் ஊருங்கறதால இன்னொண்ணு. கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இல்லாம விக்க முடியாது; 1959 சட்டத்தோட 34-வது பிரிவு அது. "நாலு தலைமுறையா நாங்கதான் பயிர் வெக்கறோம்"னு ஒருத்தர் சொன்னா அது உண்மையா இருக்கலாம். ஆனா பயிர் வெக்கற உரிமை வேற, விக்கற உரிமை வேற.

குடும்ப நிலம்னா வீட்டுப் பொண்ணுங்க கையெழுத்தைப் பாருங்க. 1989-லேயே தமிழ்நாடு, பூர்வீகச் சொத்துல அப்ப கல்யாணம் ஆகாத மகளுக்கும் பிறப்பால் பங்குன்னு சட்டம் கொண்டுவந்தது. 2005-ல மத்திய சட்டம் எல்லா மகளுக்கும் கொடுத்தது. "தங்கச்சிக்கு அப்பவே நகை போட்டுட்டோம்பா, அவ கேக்க மாட்டா"னு அண்ணன் சொல்வார். அந்தத் தங்கச்சி பத்து வருஷம் கழிச்சு நியாயமாவே கேப்பாங்க. அன்னிக்கு நீங்க கட்டின சுவருக்குள்ள நிப்பீங்க.

பவர் பத்திரத்தை வெச்சு விக்கறாங்களா? பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோட இருக்காரா, அந்தப் பவர் ரத்து ஆகலையான்னு பாருங்க. பவர் பத்திரமே விற்பனை ஆகாதுன்னு 2011-ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு.

'பஞ்சாயத்து அப்ரூவ்டு' அப்படின்னா?

இந்த வார்த்தையை நம்பித்தான் நிறையப் பேர் மாட்டிக்கிட்டாங்க. லே-அவுட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி தர்றது நகர் ஊரமைப்பு இயக்ககம், டி.டி.சி.பி. அது இல்லாம பஞ்சாயத்துத் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டு வயலை மனையாக்க முடியாது. ஆனா பல வருஷம் அப்படித்தான் வித்தாங்க. 2016 செப்டம்பர் 9-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு உத்தரவு போட்டது. மாநிலம் முழுக்க மனை வியாபாரம் நின்னுபோச்சு. 2017-ல வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிவான மனைகளுக்கு, கட்டணம் கட்டி வரன்முறை பண்ணிக்க வழி கொடுத்தாங்க. அதுக்கு அப்புறம் புதுசா வயலைக் கூறு போட்டு வித்தா இந்த வழி கிடையாது.

கூடவே ரெரா. 500 சதுர மீட்டருக்கு மேல, இல்லைன்னா எட்டு மனைக்கு மேல இருந்தா திட்டத்தைப் பதிவு பண்ணிட்டுத்தான் விளம்பரமே பண்ணலாம். விளம்பரத்துல ரெரா எண் இருக்கும். அந்த எண்ணை ஆணையத்தோட தளத்துல போட்டு, அதுல இருக்கற சர்வே நம்பரும் உங்க மனையோட சர்வே நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. பக்கத்து லே-அவுட்டோட எண்ணைக் காட்டி விக்கறதுக்கும் வாய்ப்பு உண்டு.

பெரிய லே-அவுட்டுல சாலை போக மிச்சத்துல 10 சதவீதம் திறந்தவெளியா விடணும். சாலையையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். அந்தத் தானப் பத்திரம் ஆச்சான்னு கேளுங்க. ஆகலைன்னா உங்க வாசல் சாலை இன்னும் ஒரு தனியாருடையது.

தண்ணி போற வழி

இப்ப பாலி வாய்க்கால் ஞாபகம் வருதா? திருத்தணி ஓரமா நந்தியாறு ஓடுது. அது கொசஸ்தலை ஆத்துல சேரும். வருஷத்துல பாதி நாள் மணல்தான் தெரியும். ஆனா ஆந்திராவுல கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தா, பள்ளிப்பட்டு பக்கம் தரைப்பாலம் மூழ்கற அளவுக்குக் கொசஸ்தலையில வெள்ளம் வரும். அந்த ஆறுதான் பூண்டி ஏரிக்குத் தண்ணி கொண்டுவருது. பூண்டி சென்னைக்குக் குடிக்கக் கொடுக்குது. அதாவது இந்தப் பக்கத்து ஓடையை மூடற ஒவ்வொரு மனையும் உங்க சென்னை வீட்டுக் குழாயையும் கொஞ்சம் மூடுது.

இந்த ஊர்களோட விவசாயம் ஏரியை நம்பினது. வேர்க்கடலை, நெல், கரும்பு, மாந்தோப்பு. ஒரு ஏரி நிறைஞ்சா கலங்கல் வழியா உபரித் தண்ணி அடுத்த ஏரிக்குப் போகும். அந்த வழி, வெயில் காலத்துல பாத்தா வெறும் பள்ளம். புல்டோசர் ஒரு மணி நேரத்துல சமம் பண்ணிடும். சித்திரையில மனை பாக்கப் போறவங்களுக்கு அது கிரிக்கெட் மைதானம் மாதிரி தெரியும். ஐப்பசியில தண்ணி தன்னோட வழியைக் கேட்டு வரும்.

அதனால புலப்படத்துல, கிராம வரைபடத்துல ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதைன்னு கோடு போட்டிருக்கான்னு பாருங்க. நீர்நிலைப் புறம்போக்குக்கு யாரும் பட்டா கொடுத்து உங்களைக் காப்பாத்த முடியாது. ஏரி ஆக்கிரமிப்பை எடுக்கறதுக்குன்னே 2007-ல தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டிருக்கு.

சுற்றுலா வருமானம்: 365 படி, எத்தனை நாள்?

"வீக்எண்ட் ஹோம்ஸ்டே போடலாம் சார், பக்தர் கூட்டம் வந்துக்கிட்டே இருக்கும்." இதை ஒரு தடவை நிதானமா யோசிங்க. ஆடிக் கிருத்திகைக்கு ஊரே தாங்காது. மாசக் கிருத்திகை, செவ்வாய்க்கிழமை, முகூர்த்த நாள், புத்தாண்டு இதெல்லாம் கூட்டம்தான். ஆனா வர்றவங்கள்ல எத்தனை பேர் ராத்திரி தங்குவாங்க? சென்னையிலேருந்து காலையில ரயில் ஏறினா, சாமி பாத்துட்டு மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம். திருப்பதி போறவங்களுக்கு இது வழியில ஒரு தரிசனம். தங்கறவங்களும் மலையடிவாரத்துலதான் தங்குவாங்க, விடியக்காலையில ஏறணும் இல்லையா. கோயில் விடுதியும் இருக்கு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி உங்க மனைக்கு அவங்க ஏன் வரணும்?

கோயில் சுற்றுலாவுல சம்பாதிக்கறது யாருன்னு அடிவாரத்துல நின்னு பாத்தாலே தெரியும். பூ கட்டறவங்க, மொட்டை அடிக்கறவங்க, காவடி வாடகைக்கு விடறவங்க, டிபன் கடை, ஆட்டோ அண்ணன்மாருங்க. அவங்க வருமானம் அவங்க அங்க தினமும் நிக்கறதால வருது. பூட்டிப் போட்ட வீட்டுக்கு அந்த வருமானம் வராது. வேணும்னா ஆடிக் கிருத்திகை அன்னிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. அடுத்து ஒரு சாதாரண புதன்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்க. ரெண்டையும் பாத்துட்டு உங்க எக்ஸெல் ஷீட்டைத் திறங்க.

காலி மனைக்கு யார் காவல்

சரி, எல்லாப் பேப்பரும் சுத்தம், வாங்கிட்டீங்க. கல் நட்டு, போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸ் போட்டுட்டுச் சென்னைக்கு வந்துட்டீங்க. இப்பதான் நிஜமான ஆபத்து ஆரம்பிக்குது.

காலி மனைக்கு மூணு விதமா ஆபத்து வரும். முதல்ல, ஆள்மாறாட்டம். உங்க பேர்ல வேற ஒருத்தர் நின்னு வித்துடறது. போலிப் பதிவை மாவட்டப் பதிவாளரே ரத்து பண்ணலாம்னு 2022-ல தமிழ்நாடு 77-ஏ அப்படின்னு ஒரு பிரிவு கொண்டுவந்தது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் பிறகு ரத்து பண்ணிடுச்சு. அப்ப திரும்பவும் உரிமையியல் நீதிமன்றம், வருஷக்கணக்கு. அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உங்க சர்வே நம்பருக்கு ஈ.சி. போட்டுப் பாருங்க. போன்லேயே பாக்கலாம், ஒரு பிரியாணிக் காசுகூட ஆகாது.

ரெண்டாவது, எல்லை நகர்றது. பக்கத்து மனைக்காரர் வேலி ஒரு அடி உள்ள வரும், அடுத்த வருஷம் இன்னொரு அடி. 1963 காலவரையறைச் சட்டப்படி, ஒருத்தர் உங்க நிலத்தைத் தன்னோடதுன்னு வெளிப்படையா 12 வருஷம் தொடர்ந்து அனுபவிச்சா, அதுக்கு அப்புறம் மீட்கறதுக்கான உங்க வழக்கே காலம் கடந்ததா ஆகலாம். 27 வயசுல வாங்கிட்டு 40 வயசுல போய்ப் பாக்கறவங்களுக்கு இந்த 12 ரொம்பச் சின்ன எண்.

மூணாவது, நிலம் தானாவே கெடறது. யாரும் போகாத மனையில ரெண்டு மழையில சீமைக்கருவேலம் வரும். அதுக்குள்ள பாம்பு வரும், குப்பை வரும், ராத்திரியில குடிக்கறவங்க வருவாங்க. பக்கத்துல குடியிருக்கற வீட்டுக்கு உங்க மனைதான் தலைவலி. தங்கப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை: ராத்திரி டார்ச் இல்லாம நடக்காதீங்க. பாம்பு கடிச்சா கட்டுப் போட்டு, கீறி, நேரத்தை வீணாக்காம 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க, விஷமுறிவு மருந்து அங்க இருக்கும். இடம் வாங்கறதுக்கு முன்னாடியே அந்த ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ராத்திரி ஆம்புலன்ஸ் வர்ற மாதிரி ரோடு இருக்கான்னு பாத்துடுங்க.

கிராமத்துல செலவில்லாத ஒரு காவல் உண்டு. புது முகம் தெருவுல நுழைஞ்சா யாராவது ஒருத்தர் கேப்பாங்க: "எந்த ஊருப்பா? யாரு வீட்டுக்கு வந்தே?" நமக்கு அது பிரைவசியில மூக்கை நுழைக்கற மாதிரி எரிச்சலா இருக்கும். ஆனா உங்க மனையில முன்பின் தெரியாத ஒருத்தர் டேப் வெச்சு அளக்கறப்பவும் அதே கேள்வியை அவங்கதான் கேப்பாங்க. கேக்கணும்னா, அது உங்க இடம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். "மெட்ராஸ்காரங்க யாரோ வாங்கிப் போட்டிருக்காங்க"ங்கற அளவுல மட்டும் தெரிஞ்ச நிலத்துக்கு யாரும் வாய் திறக்க மாட்டாங்க. சிசிடிவி கேமராவுக்கு அந்தக் கேள்வியைக் கேக்கத் தெரியாது.

ஊர் பக்கத்துலேருந்து பாத்தா

இதுவரை வாங்கறவர் பக்கத்துலேருந்து பேசினேன். அந்தப் பக்கமும் பாக்கணும். ஒரு அஞ்சு ஏக்கர் நிலம் மனையா மாறுதுன்னு வெச்சுக்கங்க. நிலத்துக்காரருக்குப் பணம் வருது. பிள்ளை படிப்பு, பொண்ணு கல்யாணம், பழைய கடன் எல்லாம் தீரும். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்ல. கடலை போட்டா கூலிக்கே கட்டலைங்கற கணக்கு அவருக்குத்தான் தெரியும்.

ஆனா அந்த நிலத்துல பேர் இல்லாத சிலரும் இருந்தாங்க. களை எடுத்தவங்க, கடலை பறிச்சவங்க, அறுப்புக்கு அப்புறம் ஆடு மேய்ச்சவங்க. இந்த மாவட்டத்துல இருளர் குடும்பங்கள் நிறைய. பல பேருக்குப் பட்டா கிடையாது, புறம்போக்கு ஓரத்துலதான் குடிசை. வயல் வேலை போனா அடுத்து என்ன? முன்பணம் வாங்கிக்கிட்டுச் செங்கல் சூளைக்குப் போறது. அந்த முன்பணமே கொத்தடிமைத்தனமா மாறி, அதிகாரிகள் போய் மீட்ட குடும்பங்கள் திருவள்ளூர் மாவட்டத்துல நிறைய உண்டு. எந்தப் பத்திரத்துலயும் அவங்க பேர் வராது. அதனால 'வில்லங்கம் இல்லை'ன்னு வர்ற சான்றிதழ்ல அவங்க இழப்பும் வராது.

அஞ்சு ஏக்கர்ல வீடு வந்து, ஆள் வந்து, கடை வந்து, அந்த மக்களுக்கும் வேலை வந்தா அது ஒரு மாதிரி. பொதட்டூர்பேட்டை பக்கம் விசைத்தறி ஓடற ஊர்ல வீடும் தொழிலும் சேர்ந்தே இருக்கறதைப் பாக்கலாம். ஆனா விலை ஏறட்டும்னு 60 மனையும் காலியா கிடந்தா, விவசாயமும் இல்ல, குடியிருப்பும் இல்ல. வாங்கினவருக்கும் பயம், ஊருக்கும் நஷ்டம்.

அப்ப வாங்கவே கூடாதா?

வாங்கலாம். ஒரு மத்தியதரக் குடும்பத்துக்கு சென்னைக்குள்ள நிலம் கனவுலகூட வராதப்ப, ரயில் போற ஊர்ல இடம் தேடறது நியாயமான ஆசை. ஆனா அதை ஷேர் மாதிரி வாங்கிப் போட்டு மறக்காதீங்க. அங்க போகணும்னு இருந்தா வாங்குங்க.

வாங்கறதுக்கு முன்னாடி: கிராம நிர்வாக அலுவலர்கிட்ட அ-பதிவேட்டையும் அடங்கலையும் பாருங்க. பழைய பத்திரம் தெலுங்குல இருந்தா, விக்கறவர் சொல்ற அர்த்தத்தை எடுத்துக்காம வேற ஒருத்தரை வெச்சுப் படிங்க. உங்களுக்காக மட்டும் வேலை பாக்கற வக்கீல்கிட்ட லீகல் ஒப்பீனியன் வாங்குங்க. விக்கறவரே கூட்டிட்டு வர்ற வக்கீல் அவரோட வக்கீல்தான். சர்வேயரை வெச்சு அளந்து கல் நடுங்க, அப்ப நாலு பக்கத்துக்காரங்களும் கூட நிக்கட்டும். மழையில ஒரு தடவை போய்ப் பாருங்க.

வாங்கினதுக்கு அப்புறம்: பட்டா மாறுதல் உடனே. வரி ரசீது வருஷா வருஷம் உங்க பேர்ல. நாலு மரம் வைங்க, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிட்டு வைங்க. மாங்கா காய்ச்சா அவங்களுக்கும் கொடுங்க. மனை ஊராட்சியில இருந்தா, கிராம சபை எப்போன்னு தெரிஞ்சுக்கங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்துல கை தூக்கறது அந்த ஊர் வாக்காளர்கள் வேலை. ஆனா ஓடை தூர் வாரறதைப் பத்தி, தெருவிளக்கைப் பத்தி ஊர் என்ன பேசுதுன்னு ஓரமா உக்காந்து கேட்டா, உங்க நிலத்தைப் பத்தி எந்த ஈ.சி.யும் சொல்லாத விஷயம் தெரியவரும். அங்க இருக்கறவங்களுக்கும் உங்க முகம் தெரியும்.

தமிழ்ல பத்திரம்னா ஆவணம், பத்திரம்னா பாதுகாப்பு. முதல் பத்திரம் சார்பதிவாளர் ஆபீஸ்ல ஒரு நாள்ல கிடைச்சுடும். ரெண்டாவது பத்திரத்துக்கு அந்த ஊருக்குப் போய்ட்டு வந்துக்கிட்டே இருக்கணும்.

உங்க வீட்டுல இப்படி வாங்கிப் போட்ட மனை ஏதாவது இருந்தா, இந்த வாரமே அந்த சர்வே நம்பருக்கு ஒரு ஈ.சி. போட்டுப் பாருங்க. அப்பா பேர்ல இருக்குன்னா, அவரையும் பக்கத்துல உக்கார வெச்சுப் பாருங்க. எங்க கல் நட்டாங்க, யார் சாட்சி போட்டாங்கன்னு அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். அதையும் ஒரு தாள்ல எழுதி வைங்க. அடுத்த எபிசோடுல பாக்கலாம்.